பதினோரு தறியடி தூரம்

நிலம் நடுங்கினால் உலகத்தில் எந்த ஊர்க்காரனும் வீட்டைவிட்டு வெளியே ஓடுவான். எங்கள் தெருக்காரர்கள் உள்ளே ஓடினார்கள். இதைச் சொன்னால் கோட்டைமேட்டில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் நம்புவதில்லை. "இல்யாஸ், சோமனூர் போனதும் நல்லாக் கதை விடறே" என்று சிரிக்கிறார்கள். கதை இல்லை, நான் கண்ணால் பார்த்தது. அந்தச் சனிக்கிழமை தெருவில் இருந்த அத்தனை பேரில் ஒரே ஒருத்தர்தான் ஓட வேண்டிய இடத்துக்கு ஓடினார். அவர் பெயர் பழனியாத்தாள். அதே பழனியாத்தாளின் தறிகளைத் தெருவைவிட்டே கிளப்ப, முப்பத்தோரு கையெழுத்து வாங்கி மனு எழுதி வைத்திருந்தவன் நான். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மறைத்தால் என் மனைவி நஸ்ரியா சும்மா விடமாட்டாள்.

நான் கோபக்காரன். பாய்லரைவிட பாய் சீக்கிரம் கொதிப்பார் என்று கடைக்கு வருகிறவர்களே சொல்வார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் கோயமுத்தூரிலிருந்து வந்து இந்த பேக்கரியைப் போட்டேன். முன்னால் கண்ணாடி ஷோகேஸ், ஓரத்தில் டீ பாய்லர், பின்னால் அடுப்பறை. தெரு முழுக்க விசைத்தறி. வந்த புதிதில் தடக் தடக் என்று அடிக்கிற அடியில் எனக்குப் பல்லெல்லாம் கூசியது. அப்புறம் பழகிவிட்டது. இந்த ஊரில் குழந்தைகள் தறிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கும், கரண்ட் போனால்தான் விழித்துக்கொண்டு அழும்.

கடையிலிருந்து ஆறு வீடு தள்ளிப் பழனியாத்தாளின் தறிக்கூடம். ஐம்பது வயதைத் தொடப் போகிறவர். பதினேழு வயதில் சென்னிமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், மறு வாரமே அடுத்தவர் தறிக்கு வேலைக்குப் போய்விட்டார். பத்தொன்பது வருடம் அப்படியே ஓடியது. பிறகு மூடிப்போன ஒரு கூடத்திலிருந்து இரண்டு பழைய தறிகளை எடுத்துவந்து, ஆள் வைக்காமல் தானே பூட்டினார். இரண்டு நாலானது, நாலு ஆறானது, போன வருடம் எட்டானது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் நாக்பூர் ரோட்டில்தான் அவருக்குச் சாப்பாடும் தூக்கமும். ஆக, எட்டுத் தறிக்கும் தாயும் தகப்பனும் பழனியாத்தாளேதான்.

இத்தனை வருடத் தறிச் சத்தத்தில் அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். சண்டை போடுகிறவருக்கு இதைவிட வசதி வேறு இல்லை. நான் அரை நிமிடம் கத்தியதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் சுற்றி வந்து எதிரே நின்றால் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் நான் யாரிடம் கத்துவது? எத்தனை நாள் தொண்டை வறண்டு திரும்பி வந்திருக்கிறேன் தெரியுமா!

காதில் போனது அவருக்குக் காலில் வந்து சேர்ந்திருந்தது. அவர் கூடத்துக்குள் யாரும் செருப்புப் போட்டு நுழையக்கூடாது. வெறுங்காலோடு நடுவில் நின்று கண்ணை மூடினால், எட்டில் எது சரியில்லை என்று சொல்லிவிடுவார். "மூணாவது நொண்டுதுங்க" என்பார். போய்ப் பார்த்தால் மூன்றாவது தறியில் ஒரு போல்ட் கழன்றிருக்கும். நானே ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏதோ முன்னாலேயே பார்த்து வைத்துக்கொண்டு நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

எங்களுக்குள் சண்டை வந்தது அந்தக் கடைசி இரண்டு தறிகளால். அவை வந்த மாதமே என் அடுப்பறைச் சுவரில் ஒரு விரிசல் ஓடியது. முதலில் தலைமுடி அளவு, பிறகு ஒரு ரூபாய்க் காசை நிறுத்தலாம் என்கிற அளவு. காலையில் வரிசையாக அடுக்கிய பிஸ்கட் ஜாடிகள் மத்தியானத்துக்குள் நடந்து அலமாரி விளிம்புக்கு வந்து நிற்கும். ஒருநாள் வர்க்கி ஜாடி விழுந்து சுக்குநூறாகிவிட்டது. அதே நாள் அடுப்பிலிருந்து எடுத்த கேக்கும் நடுவில் குழிந்து போயிருந்தது.

"இதுவும் அந்தம்மா தறிதான்" என்றேன்.

"பேக்கிங் பவுடர் ஆறு மாசப் பழசு. அதுக்கும் தறிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் நஸ்ரியா.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்கு மட்டாகக்கூட இல்லை. நேரே போய் வரதராஜுலு அண்ணனிடம் சொன்னேன். என் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர், தெருவில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர். அவர் வந்து விரிசலைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார், "எழுதுறா மனுவை, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல குடுத்துரலாம்" என்றார். அந்த எட்டுத் தறியால் தெருவே குலுங்குகிறது, இணைப்பைத் துண்டிக்க வேண்டும், தறிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோக உத்தரவிட வேண்டும் என்று நான் இரண்டு பக்கம் எழுதினேன். தறிக்காரர்களே கையெழுத்துப் போட்டார்கள். பழனியாத்தாள் தறி என்று எழுதாவிட்டால் தங்கள் தறி என்று எழுதிவிடுவேனோ என்ற பயம்தான். அவருக்கு ஒட்டுச்சுவர்க்காரியான தெய்வாத்தாள்கூடப் போட்டார். "எங்கூட்டுச் செவுத்துல ஒரு கீறல்கூட இல்லீங்க பாய். ஆனா பெரியவரு கேட்டுப்போட்டாரே" என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

பழனியாத்தாளுக்கு விஷயம் தெரிந்தபோது அழவில்லை, கத்தவில்லை. கடைக்கு வந்து என் உதட்டைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று சொன்னார்.

"பாய், அதுங்க எல்லாம் என்னைவிட வயசான தறிங்க. இன்னொருக்காக் கழட்டுனா இரும்பு ஒடஞ்சு போயிரும். திரும்பிப் பூட்டி ஓட்ட முடியாதுங்க."

அப்போதும் எனக்கு மனம் இளகவில்லை. என் சுவரும் ஒருக்கா இடிந்தால் திரும்பி வராது என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மற்ற தறிகளுக்கெல்லாம் லீவு. பழனியாத்தாள் தன் எட்டை மட்டும் ஓடவிட்டுவிட்டு, கையில் ஓர் எவர்சில்வர் தட்டும் ஒரு பிடி கடுகுமாகத் தெருவில் இறங்கினார். முதலில் தெய்வாத்தாள் வீடு. தட்டைத் தரையில் வைத்தார், கடுகு துள்ளிக் குதித்தது. அடுத்த வீட்டில் குதிக்கவில்லை, ஓடியது. அதற்கடுத்த வீட்டில் ஊர்ந்தது. ஐந்தாவது வீட்டில் கடுகு போட்டது போட்டபடி கிடந்தது. பின்னாலேயே வேடிக்கை பார்க்க அரைத் தெரு வந்துவிட்டது. கடைசியில் என் அடுப்பறை. தட்டை வைத்தார். கடுகு மறுபடியும் துள்ள ஆரம்பித்தது.

"பாத்தீங்களா பாய்? என்ற தறிக்குப் பக்கத்துல எச்சா ஆடுது, தள்ளத் தள்ளக் கொறையுது. அது ஞாயம். இங்க வந்து ஏன் மறுக்கா ஆடுது? உங்க தரைக்கு அடியில என்னமோ இருக்குதுங்க" என்றார். செருப்பில்லாத காலை அடுப்போரம் அழுத்தி வைத்துப் பார்த்தார். "இந்த எடம் பொதபொதன்னு இருக்குதுங்க."

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே பட்டது. பட்டதால்தான் கோபம் இன்னும் ஏறியது.

"கடுகை வெச்சு ஜோசியம் பாக்கறீங்களா? நல்லாப் பாருங்க, எனக்கு எப்ப நல்ல காலம் பொறக்கும்னும் கேட்டுச் சொல்லுங்க!" என்று கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடுகைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் கிடையாது. அன்றைக்கு ஊர் கிடக்கும் அமைதியைப் பார்க்க வேண்டும். ஆனால் பேச்சு மட்டும் அமைதியாக இருக்காது. தறிச் சத்தத்துக்குள் பேசிப் பேசிப் பழகியவர்கள், சும்மா இருக்கும்போதும் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருப்பார்கள். தெருவில் நாற்காலி போட்டு நாலு பேர், வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குகிறவர்கள் நாலு பேர், என் கடை முன்னால் டீ டம்ளரோடு பத்துப் பேர். நஸ்ரியா அடுப்பறையில் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையெழுத்தெல்லாம் சேர்வதற்குள் ஒரு திங்கட்கிழமை போய்விட்டது, முடிந்த மனு என் சட்டைப் பையில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே நாள்தான் பாக்கி.

பதினொரு மணி வாக்கில் பழனியாத்தாள் வந்து கல்லா முன்னால் நின்றார்.

"பாய், கடைசியா ஒருக்காக் கேக்கறனுங்க. மனுவைக் குடுக்காதீங்க, ஒரு மாசம் பொறுங்க. உங்க அடுப்பறைத் தரையைச் சித்த தோண்டிப் பாக்கலாம். ஆளை நானே கூட்டிட்டு வாரேன்."

"இன்னைக்கு என் தரையைத் தோண்டுவீங்க, நாளைக்கு என் தலையைத் தோண்டுவீங்களா?" என்று ஆரம்பித்தேன். அவர் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை, அவர் முதுகைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவர் தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அடுத்த நொடி கல்லாப் பலகையைத் தள்ளிவிட்டு என் அடுப்பறைக்குள் ஓடினார். இன்றைக்கே தோண்டக் கிளம்பிவிட்டாரே என்று நானும் பின்னால் ஓடினேன். உள்ளே அவர் நஸ்ரியாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார், மாவும் கையுமாக நஸ்ரியா, "ஏனுங்க அக்கா, ஏனுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மூன்று பேரும் கதவைத் தாண்டியபோது தரை ஒரு உலுக்கு உலுக்கியது. ஜாடிகள் ஒன்றோடொன்று மோதின. பின்னால் படீரென்று ஒரு சத்தம்.

அதே சமயம் தெருவிலும் ஒரு கூச்சல். "கரண்டு வந்துருச்சு!" டீ டம்ளரை வைத்துவிட்டுப் பத்துப் பேரும் எழுந்து ஓடினார்கள். அவரைக்காய் உருண்டது, நாற்காலி கவிழ்ந்தது. நிலம் ஆடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, தெருவே அவரவர் தறிக்கூடத்துக்குள் பாய்ந்தது. ஒரே ஒரு நிமிடம்தான். பிறகு ஒவ்வொருவராகத் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார்கள்.

"சுச்சைப் போட்டுப் போட்டுப் பாக்கறேன், கரண்டே இல்லீங்களே! பொறவு எந்த எடுபட்ட தறி ஓடுச்சு?" என்று கேட்டார் தெய்வாத்தாள்.

அடுப்பறையை எட்டிப் பார்த்தேன். நஸ்ரியா மாவு பிசைந்த மேசைமேல் சுவர்ப்பூச்சு ஒரு பெரிய பாளமாகப் பெயர்ந்து விழுந்திருந்தது. அடுப்போரத் தரை ஒரு சாண் இறங்கி, விரிசலில் இப்போது கையை விடலாம். யா அல்லாஹ், அந்த இடத்தில் அரை நிமிடத்துக்கு முன்னால் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நஸ்ரியா முதலில் சொன்னது, "அஞ்சு கிலோ மாவு போச்சு" என்பதுதான். அப்புறம் பழனியாத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் சேலையெல்லாம் மாவு.

நான் என்ன சொல்ல? உதட்டை அசைத்தேன், சத்தம் வரவில்லை. அவருக்கு அது போதும். "சரி உடுங்க பாய்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரதராஜுலு அண்ணன் வந்து பள்ளத்தைப் பார்த்தார். "பாத்தியா, அந்தம்மா தறி தட்டித் தட்டி நெலத்தையே கெடுத்துப்போட்டுது. மனு திங்கக்கிழமை போயே ஆகணும்" என்றார்.

"கரண்டே இல்லாதப்ப ஆடுனதுங்க அண்ணா, நிலநடுக்கம்னு போன்ல எல்லாம் வருது" என்றேன்.

"நெலநடுக்கத்துல மத்த எவனூட்டுத் தரை எறங்குச்சு? உன் தரை மட்டும் ஏன் எறங்கோணும்? மனு எங்கே, குடு, நானே கொண்டுபோறேன்."

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். வீட்டில் எங்கோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்று பொய் சொன்னேன். மனு என் சட்டைப் பையில் நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினார். சைதன்யா என்று பெயர், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறவர். எந்தெந்த ஊரில் எவ்வளவு ஆடியது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அதிர்வு வந்ததும் என்ன செய்தீர்கள் என்று கேட்க, தெருவில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "கரண்டு வந்துருச்சுன்னு உள்ள ஓடுனோமுங்க." நாலாவது ஆளிடம் அவரால் எழுத முடியவில்லை, சிரித்துச் சிரித்துப் பேனா கீழே விழுந்தது.

நான் அவரைக் கடைக்குக் கூட்டிவந்து பள்ளத்தைக் காட்டினேன், நடந்ததைச் சொன்னேன். வரதராஜுலு அண்ணனும் தெருவும் பின்னாலேயே வந்து நின்றது. சைதன்யா பழனியாத்தாள் பக்கம் திரும்பினார்.

"எல்லாருக்கும் முன்னாடி உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"மொதல்ல கால்ல ஒரு சின்னத் தட்டுங்க கண்ணு. பொறவுதான் பெருசு வந்துது. நடுவுல பதினோரு அடி இருக்கும்."

"பதினோரு அடின்னா?"

"தறியடிங்க. தறி நின்னாலும் எனக்கு உள்ளுக்குள்ள அடிச்சுட்டே இருக்குமுங்க. நிமிசத்துக்கு நூத்தி அறுவது."

சைதன்யா நோட்டில் கணக்குப் போட்டார். நிமிடத்துக்கு நூற்றி அறுபது என்றால் பதினோரு அடிக்கு நாலு நொடிக்குக் கொஞ்சம் மேலே. நிலத்துக்குள்ளிருந்து இரண்டு அலைகள் கிளம்பும், வேகமான சிறியது முன்னால் வரும், மெதுவான பெரியது பின்னால் வரும், தூரம் கூடக்கூட இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடும் என்றார். எங்கள் பக்கத்துக்கு, இடைவெளியில் ஒவ்வொரு நொடிக்கும் எட்டு கிலோமீட்டர் தூரம் என்று போட்டால் ஏறக்குறைய சரியாக வருமாம். நாலெட்டு முப்பத்திரண்டு, அதற்கு மேல் ஒன்றிரண்டு. அவர் போனை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நிலநடுக்கத்தைப் பதியற மெஷின் முப்பத்தி நாலு கிலோமீட்டர்னு சொல்லுதுங்க. நீங்க எந்த மெஷினும் இல்லாம காலை வெச்சே சொல்லிட்டீங்க."

"மெஷின் தப்பாச் சொல்லியிருக்கும்" என்றார் தெய்வாத்தாள். தெரு சிரித்தது.

சுல்தான்பேட்டை தாண்டி உடுமலை போகிற பக்கம், நிலத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கீழே பாறை நழுவியிருக்கிறது. நழுவிய இடத்துக்கு நேர் மேலே தரையில் வைக்கிற புள்ளியைத்தான் மையம் என்கிறார்கள். அங்கே ஒரு தென்னந்தோப்பு. தோப்பு வீட்டில் ஓடு சரிந்து, அண்டாத் தண்ணீர் பாதி கொட்டி, ஆடு மாடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

"அங்க மட்டும் ஏனுங்க அத்தனை?" என்று கேட்டேன்.

"நேர் மேல இருக்கறவங்களுக்குத்தான் அலை வர்ற தூரம் கம்மி. வெளிய போகப் போக அதே பலம் பெரிய வட்டத்துக்குப் பங்காகுது, வழியில கொஞ்சம் மண்ணுக்குள்ளயே தேஞ்சும் போயிருது."

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு லிட்டர் பாலில் பத்து டீ போட்டால் கெட்டியாக இருக்கும், அதையே நூறு பேருக்குப் போட்டால் வெந்நீர்தான். பழனியாத்தாள் கடுகில் காட்டியதும் இதுவேதான். தெய்வாத்தாள் வீட்டில் துள்ளியது, ஐந்தாவது வீட்டில் படுத்துவிட்டது.

"அப்பறம் இவன் கடையில மட்டும் எப்படி?" என்றார் வரதராஜுலு அண்ணன், விடாமல்.

சைதன்யா ஷோகேஸைப் பார்த்தார். ஒரு தட்டில் ஜெல்லியும் ரஸ்க்கும் கேட்டு வாங்கி, தட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ரஸ்க் சும்மா இருந்தது, ஜெல்லி ஆடி அடங்க நேரமானது. "மையத்துக்கிட்ட ஆட்டம் ஜாஸ்திங்கறது பொது. ஆனா அடியில தளதளன்னு மண்ணு இருந்தா, தள்ளி இருக்கற எடமும் கூட ஆடும். இந்தக் கடைக்கு அடியில முன்ன என்னங்க இருந்துச்சு?"

எல்லோரும் கட்டடத்தின் சொந்தக்காரரைப் பார்த்தோம். அவர் முகம் மாறியது. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மீசையைத் தடவினார்.

"அப்பா காலத்துல… ஒரு கெணறு இருந்துச்சு. தண்ணி வத்திப்போச்சுன்னு குப்பையும் செங்கலும் கொட்டி மூடுனாங்க. நானே மறந்துபோயிட்டேன் போ!"

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். தெருவே அவரைப் பார்க்க, அவர் ஜெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் திட்ட வாயெடுத்தேன், ஆனால் முப்பத்தோரு கையெழுத்து வாங்கியவன் எந்த முகத்தோடு திட்டுவது?

பழனியாத்தாள்தான் முதலில் பேசினார். "என்ற தறியும் தட்டித் தட்டிக் கொஞ்சம் எறக்கியிருக்கும். அதையும் சொல்லோணுமுங்க."

"இருக்கலாங்க. மாவு டின்னைத் தட்டுனா மாவு எறங்குற மாதிரி" என்று ஒப்புக்கொண்டார் சைதன்யா.

கிளம்பும்போது, தெருவில் யார் யார் வீடு எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் கிடைக்குமா என்று கேட்டார். நான் சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்துக் கொடுத்தேன். பெயர், கதவு எண், கையெழுத்து, எல்லாம் வரிசையாக இருந்தது. "அடடே, இவ்வளவு சுத்தமா யாருங்க எழுதுனது?" என்று பாராட்டிவிட்டு, அதன் பின்பக்கத்திலேயே வட்டம் வட்டமாகப் படம் போட்டுக்கொண்டு, முப்பத்தோரு வீட்டுக்கும் போனார். அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் போய்விட்டார். மனு கலெக்டர் ஆபீஸ் போகவில்லை. அன்றைக்குத்தான் என் வாழ்நாளில் நான் எழுதிய ஒன்று யாருக்காவது பிரயோஜனப்பட்டது.

சரி, கடை? கிணற்றின்மேல் இனி ரொட்டி சுட முடியாது. வரதராஜுலு அண்ணன் குழியைத் தோண்டி ஒழுங்காக நிரப்பிக் கட்ட ஒரு வருடம் ஆகும் என்றார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது பழனியாத்தாள் வந்தார்.

"ஏனுங்க பாய், என்ற கூடத்துக்கு முன்னால ரோட்டோரம் ரூமு சும்மாதான் கெடக்குது. அடியில பாறைங்க. கால் வெச்சுப் பாத்துப்போட்டுத்தான் அங்க தறியவே பூட்டுனேன். வந்துருங்க."

நஸ்ரியா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தறிகளைக் கிளப்பப் பார்த்தவன் தறிகளிடமே போய் நிற்பதா என்று மனம் ஒரு பக்கம் குத்தியது. ஆனால் கேட்டவர் முகத்தில் குத்தல் ஒன்றும் இல்லை. தலையை ஆட்டினேன்.

இப்போது எட்டு மாதமாகிறது. எங்கள் தெருவில் அதிகமாக ஆடுகிற இடத்தில்தான் என் பேக்கரி இருக்கிறது, சுவரில் ஒரு கீறல் இல்லை. ஜாடிகள் நடக்காமலிருக்க அலமாரிக்கு ஒரு கம்பி வைத்தாகிவிட்டது. சல்லடையை ஒட்டுச்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டால் மைதா தானே சலிக்கிறது, கை வலி மிச்சம். கேக்கும் குழிவதில்லை. நஸ்ரியா பேக்கிங் பவுடரை மாற்றியதால் என்று உங்களுக்குத் தெரியும். மாதாந்திர மின்தடை நாளில் மட்டும் எனக்கு வேலை ஓடுவதில்லை, ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். காலடியில் ஏதோ சரியில்லை. எட்டு அடியில் ஒன்று தாமதமாக விழுந்தது. செருப்பை எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது, இந்த ரூமுக்கு வந்ததிலிருந்தே போடுவதில்லை போலிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் ஓடினேன். பழனியாத்தாள் முகத்துக்கு எதிரே போய் நின்று உதட்டை நன்றாக அசைத்தேன்.

"அக்கா, ஆறாவது நொண்டுதுங்க."

அவர் என் உதட்டைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை எனக்காக இல்லை, தறிக்காக.

"ஆறாவது இல்லீங்க பாய், ஏழாவது" என்றார் கண்ணைத் திறந்து. ஸ்பானரை எடுத்து என் கையில் கொடுத்தார். "பரவால்லீங்க, பக்கத்துல வந்துட்டீங்க."